பொழுதோடு வீடு சேராத சைக்கிள்

கார்த்திகை 14, திங்கள்

காலையில் தூறல். மதியம் மூட்டம். சைக்கிளைத் துடைத்தேன்.

முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னார், தினமும் ஐந்து வரியாவது எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்று. யாருக்கும் காட்ட வேண்டாம் என்பது பிடித்திருக்கிறது. தலை நரைத்துப் பல்லும் போனபின் எனக்கே எனக்கு என்று ஒரு சாமான். போன பங்குனியில் என் பேரைக்கூட எழுதத் தெரியாது. இப்போது சைக்கிள் என்று எழுதிவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஓடுவதுதான் இல்லை.

இன்றும் பொழுதோடு வீடு சேரவில்லை. ஐயம்பேட்டையில் வகுப்பு விட்டபோது சூரியன் பனைமரத்துக்கு மேலே. நம் ஊர் ஏரிக்கரை ஏறும்போது வெறும் சிவப்பு. வீட்டுக்குள் நுழையும்போது என் வீட்டுக்காரி பத்மா விளக்கேற்றி முடித்திருந்தாள். சோறு மூடியபடி.

சமண வீடு, நைனார் குடும்பம். பொழுது விழுந்தபின் வாயில் எதுவும் படாது. பத்மா தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அது எனக்குக் கஷ்டமில்லை, பிறந்ததிலிருந்து பழக்கம். நான் வராமல் அவளும் சாப்பிடுவதில்லை என்பதுதான் கஷ்டம். நான் பிந்தினால் இரண்டு வயிறு காயும். அவளுக்குச் சர்க்கரை வேறு.

"நீ சாப்பிட்டிருக்கலாம் இல்ல?"

"நீங்க வராம எனக்கு எறங்காது."

"நாளைக்கு சீக்கிரம் வந்துடறேன்."

"போன வாரம் பூரா இதத்தான் சொல்லிக்கினு இருந்தீங்க."

டீச்சர் தன் பள்ளிக்கூடம் முடித்துவிட்டுத்தான் வர முடியும். வகுப்பை முன்னால் வைக்க வழியில்லை. ஷேர் ஆட்டோ பார்த்தாயிற்று. ஆள் நிறைகிறவரை கிளம்பாது, கூட்டு ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும், அப்புறம் நடை.

வகுப்பை விட வேண்டும், இல்லை பத்மா பட்டினி. இல்லையென்றால் சைக்கிள் வேகமாகப் போக வேண்டும். சைக்கிளை ஒரு கை பார்ப்பது என்று முடிவு. அதிகம் செலவில்லாமல்.

சைக்கிளில் உள்ள தொல்லைகள்:
டயரில் காற்று நிற்பதில்லை.
சீட்டு கல்.
செயின் காய்ந்து முனகுகிறது.
மேடு வந்தால் முட்டி வலி.
பின்னால் கரகர என்று ஒரு சத்தம். எங்கிருந்து என்று தெரியவில்லை.

கை வலிக்கிறது. போதும்.

கார்த்திகை 15, செவ்வாய்

மழை இல்லை. வகுப்புக்குப் போகும் வழியில் சைக்கிள் கடை பாயிடம் நிறுத்தினேன். ஐயம்பேட்டை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அவர் கடை. டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"நைனாரே, இது டயரா, மெத்தையா?"

"மெத்து மெத்துன்னு இருந்தா ஒடம்பு நோவாதுன்னு நெனச்சேன்பா."

"ஒடம்பு நோவாது. வண்டி போவவும் போவாது."

கல் மாதிரி ஆகும்வரை காற்று அடித்தார். பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். முழுசாக் கழட்டி ஓவராயில் பண்ணணும், ஒரு நாள் வுட்டுட்டுப் போங்க என்றார். ஒரு நாள் விட்டால் அன்றைக்கு வீடு எப்படிப் போவது? முடியாது என்றேன்.

திரும்பும்போது வேகம் இருந்தது, நிஜம். ஆனால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறி உட்கார்ந்தது. பாதி வழியில் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்ற நேரத்தில் லாபம் எல்லாம் போயிற்று.

பொழுது விழுந்தது. பத்மா சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாள், காலைக்கு.

கார்த்திகை 17, வியாழன்

நேற்று மழை. வகுப்பு இல்லை. இருவரும் பொழுதோடு சாப்பிட்டோம். மழை நல்லது.

இன்று சீட்டு வேலை. பாய் உள்ளே போய் ஒரு பழைய சீட்டு எடுத்து வந்தார். பெரியது, இரண்டு ஸ்பிரிங்.

"அசல் தோலு. ஒக்கார ஒக்கார உங்க ஒடம்புக்கு ஏத்த மாதிரி ஆயிடும். காசு வேணாம், சும்மா எடுத்துக்குங்க."

"தோலு மேல நாங்க ஒக்காரறது இல்லப்பா."

"மாடு செத்து எவ்ளோ காலம் ஆச்சி நைனாரே. அது ஒண்ணும் நெனச்சிக்காது."

"நான் நெனச்சிக்குவேனே."

பாய் சிரித்துக்கொண்டே உள்ளே வைத்துவிட்டார். அதற்குப் பதில் என் சீட்டை இரண்டு விரல் உயர்த்தினார். கால் நீண்டு மிதித்தால் முட்டி வலிக்காதாம். அது உண்மை. மேட்டில்கூட வலிக்கவில்லை. அட, இத்தனை வருஷம் குந்திக்கொண்டே மிதித்திருக்கிறேன் என்று சந்தோஷமாகப் போனேன். கூட்டு ரோடு வேகத்தடையில் பிரேக் பிடித்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. அப்படியே சாய்ந்து மணல் குவியல் மேல்.

நின்றிருந்த ஆட்டோவிலிருந்து ஒருவன், "தாத்தா, ஃபிளைட்டு எறங்கிடுச்சா?"

ஆட்டோ முழுக்கச் சிரிப்பு. அடி இல்லை. மணல் நல்ல மணல். எழுந்து, தட்டி, ஹேண்டில்பாரை நேராக்கிக் கிளம்புவதற்குள் விளக்கு வைக்கும் நேரம்.

நாளை ஒரு விரல் இறக்க வேண்டும்.

கார்த்திகை 18, வெள்ளி

சீட்டு ஒரு விரல் இறக்கியாயிற்று. கால் எட்டுகிறது, முட்டியும் பரவாயில்லை. இது ஒன்று உருப்படியாக நடந்தது.

சீட்டு மேல் பழைய துண்டை நான்காக மடித்துக் கட்டினேன். நழுவுகிறது. உட்கார்ந்த இடம் ஒன்று, போய்ச் சேரும் இடம் ஒன்று.

ஹேண்டில்பார் பிடி வழவழ. வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் கோவிந்தம்மாவிடம் சொன்னேன். தறிக்காரி, வீட்டில் தெலுங்கு. என்னைவிட வேகமாக எழுதுவாள், என்னைவிட அதிகத் தப்பு. பையிலிருந்து ஒரு பிடி கழிவு நூல் எடுத்துக் கொடுத்தாள். மினுமினுவென்று.

"சுத்திக்கோ அண்ணா. வேர்த்தாலும் வழுக்காது."

"பட்டாம்மா?"

"பின்ன? காஞ்சிபுரத்துல வேற இன்னா கெடைக்கும்?"

வேண்டாம் என்றேன். புழுவை வெந்நீரில் போட்டு எடுப்பது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தோலு வேணாம், பட்டு வேணாம். இரும்புக்கு உசுரு இல்லன்னு யாரு சொன்னா உனக்கு? நல்லா கேட்டுட்டு ஏறு."

வகுப்பே சிரித்தது. டீச்சரும். நானும்தான். ஆனால் அவள் சிரிக்கவைத்த நேரத்தில் வகுப்பு முடியப் பிந்திவிட்டது.

பொழுது விழுந்தபின்தான் வீடு. பத்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டால் ஒன்றுமில்லை.

கார்த்திகை 20, ஞாயிறு

வெயில். செயின் வேலை. மண்ணெண்ணெயில் துணி நனைத்துக் கண்ணி கண்ணியாகத் துடைத்தேன். கறுப்பு கறுப்பாக வந்தது. துடைத்தபின் அடியில் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம். பத்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஒங்க மூஞ்சியத் தொடைங்க மொதல்ல" என்றாள்.

எண்ணெய் விட வேண்டும். மெஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டது. கிரீஸ் இருக்கிறது, போன வருஷ டப்பா. ஆனால் கிரீஸில் மாட்டுக் கொழுப்பு இருக்கும் என்று எவனோ சொன்னது ஞாபகம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். இப்போது படிக்கத் தெரியுமே. எல்லாம் இங்கிலீஷ். எரிச்சல்.

சமையல் கட்டிலிருந்து கடலை எண்ணெய். நன்றாகவே விட்டேன். செயின் சத்தமே இல்லை. முருங்கை மரத்தில் சாய்த்து வைத்தேன். நாளைக்குப் பார்ப்போம்.

கார்த்திகை 21, திங்கள்

எறும்பு.

மதியம் கிளம்பப் போனால் செயின் முழுக்க எறும்பு. சின்னச் சிவப்பு எறும்பு. முருங்கை மரத்திலிருந்து இறங்கி, ஹேண்டில்பார் ஏறி, கம்பி வழியாக வந்து செயினில் சந்தை. பெடலை அரைச் சுற்றுச் சுற்றினால் போதும், நூறு உயிர் போகும்.

ஊதினேன். போகவில்லை. தட்டினேன். இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. பத்மா மயிலிறகு எடுத்து வந்தாள். இருவரும் உட்கார்ந்து கண்ணி கண்ணியாக ஒதுக்கினோம். ஒரு பக்கம் ஒதுக்கினால் மறுபக்கம் ஏறும். அவற்றுக்கு என்ன தெரியும், கல்யாண விருந்து என்று நினைத்திருக்கும்.

"எந்த புத்திசாலி செயினுக்குத் தாளிக்கிற எண்ணெய ஊத்துவான்?"

"கிரீஸ்ல கொழுப்பு இருக்குதுன்னு சொன்னாங்க."

"கடுகும் கறிவேப்பிலையும் போட்டிருந்தா நானே தின்னுருப்பேன்."

சைக்கிளை வெயிலில் நகர்த்தி, பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரை போட்டு வழி காட்டி, எல்லாம் இறங்கியபின் கிளம்பினேன். வகுப்பில் பாதி முடிந்திருந்தது. எறும்புக் கதையைச் சொன்னேன். டீச்சர் போனில் தேடிப் பார்த்து, கிரீஸ் பெரும்பாலும் பெட்ரோலிய எண்ணெயும் ஆமணக்கு எண்ணெயும் சேர்த்துத்தான் செய்கிறார்கள், நீங்கள் பயப்பட வேண்டாம் என்றார்.

இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் கேட்கவில்லை.

பொழுது: விழுந்தது.

கார்த்திகை 22, செவ்வாய்

பத்மாவிடம் புது யோசனை சொன்னேன். எனக்குத் தூக்குவாளியில் கட்டிக் கொடு, நான் வகுப்பு முடிந்ததும் அங்கேயே சாப்பிட்டுவிடுகிறேன், நீ இங்கே சாப்பிடு. சரி என்றாள். சந்தோஷமாகப் புளியோதரை கட்டினாள். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் வெளிச்சத்தோடு சாப்பிட்டேன். நல்ல ருசி.

அப்புறம் இருட்டில் வந்தேன். விளக்கு எரிய டைனமோவைத் தட்டிவிட்டேன். டைனமோ டயரை அழுத்தினால் மிதிக்க முடியவில்லை. பிந்துவதால் இருட்டு, இருட்டால் டைனமோ, டைனமோவால் இன்னும் பிந்துகிறது. யாரைக் குற்றம் சொல்வது?

வீட்டில் சோறு மூடியபடி.

"ஏன் சாப்பிடல?"

"நீங்க சாப்பிட்டீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கு குடுத்தனுப்பினது நீதானே?"

"காலித் தூக்கப் பாத்தாத்தான் தெரியும்."

கோபத்தில் ஒரு சத்தம் போட்டேன். அவளும் போட்டாள். எனக்கு மட்டும் வயிறு நிறைந்திருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

கார்த்திகை 24, வியாழன்

இதை எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

பின் சக்கரம் கரகர இன்று அதிகம். ஏரிக்கரையில் எதிர்க்காற்று. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் விளக்கு இல்லை.

பத்மா அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை நனைந்து வேர்வை. கை நடுக்கம். நான் யார் என்று தெரிந்தது, பேச்சு குழறியது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

வெல்லத்தைக் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். தலையை ஆட்டினாள்.

"பொழுது போயிடுச்சி."

"மருந்துன்னு நெனச்சிக்க."

"வேணாம்."

"பத்மா, பாவம் எனக்கு. கோயில் வாத்தியார் கிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். குடி."

கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. அப்புறம் அழுதாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருட்டியபின் அவள் வாயில் எதுவும் பட்டதில்லை.

சைக்கிள் வாசலில் விழுந்து கிடக்கிறது. நிறுத்தவில்லை. கிடக்கட்டும்.

கார்த்திகை 25, வெள்ளி

ஆஸ்பத்திரி. நர்ஸம்மா நன்றாகத் திட்டினார். மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும், காத்திருக்கிற பேச்சே கூடாது. பத்மா தலையாட்டினாள். எனக்குத் தெரியும் அந்தத் தலையாட்டல்.

வகுப்புக்குப் போகவில்லை. நிறுத்திவிடுகிறேன் என்று சொன்னேன்.

"ஏன் நிறுத்தறீங்க?"

"உன்னை சாகடிச்சிட்டு நான் இன்னா படிக்கிறது?"

"எழுத ஆரம்பிச்ச பின்னதான் சாயங்காலத்துல வாய மூடிக்கினு ஒக்காந்திருக்கீங்க. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. நிறுத்தாதீங்க."

"அப்ப நீ பொழுதோட சாப்பிடு."

"நீங்க பசியோட சைக்கிள் மிதிச்சிக்கினு வர, நான் இங்க ஒக்காந்து தின்னணுமா? எறங்காதுங்க. எறங்கினாத்தானே."

மறுபடியும் ஆரம்பித்த இடம். எனக்கு இவளோடு சண்டை போடத் தெரியவில்லை. சைக்கிளை உதைத்தேன். கால் விரல் வீங்கியிருக்கிறது.

கார்த்திகை 27, ஞாயிறு

கோயில். பத்மாவோடு நடந்தே போனேன்.

இரண்டு நாளாக யோசித்தது. எப்படியும் எனக்கு ராத்திரி சாப்பாடு கிடைப்பதில்லை. கிடைக்காததை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? பசியோடு வருகிறவனுக்காகத்தானே அவள் காத்திருக்கிறாள். சாப்பிடவே போவதில்லை என்று சுவாமி முன்னால் சொல்லிவிட்டவனுக்கு எதற்குக் காத்திருப்பது?

பூஜை செய்கிற வாத்தியாரிடம் சொன்னேன். தை பிறக்கும்வரை, வகுப்பு உள்ள நாளெல்லாம் ஒரு வேளை விரதம். மதியம் மட்டும் சாப்பாடு.

"வயசான காலத்துல எதுக்கு பெரியப்பா? ஏதாவது வேண்டுதலா?"

"சைக்கிள் சரியில்ல."

பூஜை சாமான் கையில் இருந்ததால் சிரிப்பை அடக்கினார். பத்மா பக்கத்தில் நின்று என்னை முறைத்தாள். வியாழக்கிழமை நடந்ததையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. அந்த வெல்லத் தண்ணீருக்கு ஒன்றும் தோஷமில்லை என்று அவளிடம் சொன்னார். பிறகு அவளையும் சன்னதி முன்னால் நிறுத்தினார்.

"அவர் விரதம் நிக்கணும்னா நீங்க பொழுதோட சாப்பிடணும் பெரியம்மா. நீங்க பட்டினி கெடந்தா அவர் விரதம் பாழு. சம்மதமா?"

பத்மா ஆதிநாதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சம்மதம் என்றாள்.

வழியில் என்னிடம், "எங்கிருந்து வந்துது இந்தக் குறுக்குப் புத்தி? பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?"

எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

கார்த்திகை 28, திங்கள்

தெளிவான வானம். முதல் நாள் விரதம். மதியம் இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

அவசரம் இல்லை என்பதே ஒரு விசித்திரமாக இருக்கிறது. பாய் கடையில் சைக்கிளை விட்டேன்.

"ஓவராயில் பண்ணுப்பா. நாளைக்கு எடுத்துக்கிறேன்."

"இன்னா நைனாரே, பொழுது போவாதா இன்னிக்கு?"

"போவட்டும்பா."

வகுப்பில் நிதானமாக எழுதினேன். ஒரு பக்கம் முழுக்க, ஒரு அடித்தல் இல்லை. டீச்சர் சரி போட்டார். கோவிந்தம்மா எட்டிப் பார்த்து, "அண்ணன் எழுத்து உருண்டையா வந்துடுச்சி, இனிமே எனக்குக் காட்ட மாட்டாரு" என்றாள்.

ஷேர் ஆட்டோ, அப்புறம் நடை. வீடு சேர நல்ல இருட்டு. பத்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அவள் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

பசி கொஞ்சம் இருக்கிறது. எழுதினால் தெரியவில்லை.

கார்த்திகை 29, செவ்வாய்

வெயில். வகுப்பு முடிந்து சைக்கிளை எடுத்தேன். பாய் ஒரு கிண்ணத்தைக் காட்டினார். உள்ளே உடைந்த பேரிங் குண்டுகள், கறுத்துக் கல்லான பழைய கிரீஸ்.

"பின் சக்கரத்துல இருந்தது. இத்தன நாளா நீங்க சைக்கிள் ஓட்டல நைனாரே. ஏரு ஓட்டிக்கினு இருந்தீங்க."

"நீ கழட்டிப் பார்த்துட்டு சொல்லியிருக்கலாம் இல்லப்பா?"

"கழட்ட எங்க வுட்டீங்க? பொழுது, பொழுதுன்னு பறந்துக்கினு இருந்தீங்க."

புதுக் குண்டு, புதுக் கிரீஸ். சக்கரம் கோணலையும் எடுத்திருக்கிறார். பிரேக் கட்டை ரிம்மில் உரசாமல் தள்ளி வைத்திருக்கிறார். மட்கார்டை நிமிர்த்தி, துண்டுக்குப் பதில் ஸ்பாஞ்சு வைத்து ரெக்சினில் சீட்டுக்கு உறை. பெரிய செலவு இல்லை. டயர், டியூப் எல்லாம் பழையதுதான்.

ஏறி ஒரு மிதி. போகிறது. மிதிப்பதை நிறுத்தினேன், அப்போதும் போகிறது. கரகர இல்லை, முட்டி வலி இல்லை. அவசரமே படவில்லை, வழியெல்லாம் போர்டுகளைப் படித்துக்கொண்டே வந்தேன். சிமெண்ட் கடை, ஜெராக்ஸ், பல் டாக்டர். ஏரிக்கரை ஏறும்போது தண்ணீர் முழுக்க வெயில். சூரியன் பனைமரத்துக்கு மேலேயே நின்றிருந்தது.

வீட்டில் பத்மா அப்போதுதான் தட்டு போட்டு உட்கார்ந்திருந்தாள். அடை. மேலே நெய். எடுத்த கை அப்படியே நின்றது.

"இன்னாத்துக்கு இவ்ளோ சீக்கிரம்?"

"சைக்கிள் ஓடுது."

வாசலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கல்லில் இன்னொரு அடை வெந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு விரதம்" என்றாள்.

"தெரியும். நீ சாப்பிடு."

"தையிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குது."

"அதுவும் தெரியும். ஆறிடப் போவுது, சாப்பிடு."

எதிரே உட்கார்ந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

"கொஞ்சம் அந்தாண்ட திரும்பி ஒக்காருங்க."

திரும்பி உட்கார்ந்தேன். பின்னால் அவள் மெல்லுகிற சத்தம். அடுத்த அடையைத் திருப்பிப்போடுகிற சத்தம். நெய் வாசனை. வாசல்படியில் வெயில் இன்னும் இருந்தது. போகவே இல்லை.